பின் கண்ணாடி உடைந்த கார்... அறுவடைப் பணம் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: ''தோப்பில் காய் பறிக்கும்போது, நிறுத்தியிருந்த காரின் பின் கண்ணாடி மீது தேங்காய் விழுந்துவிட்டது. கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாக நொறுங்கிவிட்டது. கூலிங் பேப்பர் ஒட்டியிருந்ததால் பாதி மட்டும் அப்படியே தொங்குகிறது. பாலித்தீன் ஷீட் ஒட்டி 4 நாளாக ஓட்டுகிறோம். கொப்பரைப் பணம் கைக்கு வர இன்னும் 45 நாள் ஆகும். அதுவரை இப்படியே சமாளிக்கலாமா? இன்ஷூரன்ஸ் கேட்டால் லாபமா, நஷ்டமா? பெட்ரோல் கார், டிக்கி தனியாக இல்லாத சின்ன வண்டி. மகளைத் தினமும் இதில்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறோம். பின்னால் உட்கார்ந்தால் தூசி ஏறித் தலைவலிக்கிறது என்கிறாள். டிக்கி பக்கம் வைத்திருந்த மாட்டுத் தீவன மூட்டை மீதும் கண்ணாடித் துகள் கொட்டியிருக்கிறது.''

– தென்னை விவசாயி, பொள்ளாச்சி பகுதி

பதில்: இதில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. கண்ணாடியை எப்போது மாற்றுவது என்பது ஒன்று. அதுவரை அந்த காரில் ஆள் ஏற்றலாமா என்பது இன்னொன்று. முதல் முடிவைப் பணம் வரும் நாளைப் பார்த்துத் தள்ளிப்போடலாம். இரண்டாவதைத் தள்ளிப்போட முடியாது. மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஓட்டுவதை இன்றே நிறுத்த வேண்டும்.

தலைவலிக்குக் காரணம் தூசி மட்டும்தானா?

வண்டி முன்னே ஓடும்போது அதன் பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைகிறது. மண் ரோட்டில் போகும் காரின் பின்னாலேயே தூசி சுழன்று வருவதும், பின் கண்ணாடியில் மட்டும் அதிகமாகப் படிவதும் இதனால்தான். கண்ணாடி இல்லாவிட்டால் அந்தச் சுழல் நேராக உள்ளே வரும். சைலன்சர் குழாயின் வாயும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எனவே தூசியோடு சேர்ந்து புகையும் உள்ளே வருகிறது. பின் சீட்டுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி குறைவான சின்ன கார்களில், புகை முதலில் போய்ச் சேருவது பின் சீட்டில் இருப்பவரிடம்தான்.

பெட்ரோல் வண்டிப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் ஆகியவை இதன் ஆரம்ப அறிகுறிகள். குழந்தை பின் சீட்டில் கண்ணயர்ந்தால், களைப்பில் தூங்குகிறது என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். டீசல் வண்டிப் புகையில் இந்த வாயு குறைவு. ஆனாலும் அது சுவாசிக்கத் தகுந்த காற்று அல்ல.

மகளின் தலைவலிக்குத் தூசியே காரணமாக இருக்கலாம். ஆனால், காரணம் புகை இல்லை என்று உறுதி செய்யும் வரை அந்த காரில் ஏற்றக் கூடாது. வேறு வண்டியில் போகத் தொடங்கிய பிறகும் தலைவலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டி, உடைந்த கண்ணாடியோடு 4 நாள் பயணம் செய்த விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போகும்போது சைலன்சர் குழாயில் ஓட்டை, இணைப்பில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வது நல்லது.

பின் கண்ணாடியை ஏன் ஒட்ட முடியாது?

காரின் முன் கண்ணாடி 'லேமினேட்டட்' வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள். கல் பட்டால் விரிசல் விடும், உதிராது. சிறிய விரிசல் என்றால் பசை ஏற்றிச் சரிசெய்யவும் முடியும்.

பின் கண்ணாடி பெரும்பாலான கார்களில் 'டஃபன்டு' வகை. ஒரே தகட்டை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்துத் தயாரிக்கிறார்கள். இதனால் மேல்புறம் இறுகி அழுத்தத்தோடும், உட்புறம் இழுவிசையோடும் இருக்கும். சாதாரணக் கண்ணாடியைவிடப் பலமானது. ஆனால், வெடிப்பு மேல்புறத்தைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால், உள்ளிருக்கும் விசை மொத்தமும் ஒரே நேரத்தில் விடுபடும். ஒரு நொடியில் கண்ணாடி முழுவதும் கற்கண்டு போல உதிர்ந்துவிடும். ஆளைக் கிழிக்கும் நீளத் துண்டுகளாக உடையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

எனவே, டஃபன்டு கண்ணாடியில் 'பாதி உடைந்தது' என்று ஒன்று கிடையாது. கூலிங் பேப்பர் பிடித்துக்கொண்டு தொங்கும் பாதியும் நொறுங்கிப்போனதுதான். அடுத்த வேகத்தடையில் அது பின் சீட்டில் கொட்டலாம். கையுறை போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு பழைய போர்வையை விரித்து, தொங்கும் பகுதியை மெதுவாக எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்பு நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்வது அவசியம். இன்ஷூரன்ஸுக்குத் தேவைப்படும்.

தீவன மூட்டையை என்ன செய்வது?

மூட்டையின் வாய் தைத்திருந்து, சாக்கு கிழியாமல் இருந்தால் வெளிப்புறத்தை நன்றாகத் தட்டி, துடைத்துவிட்டு, வேறு இடத்தில் வைத்துப் பிரிக்கலாம். வாய் திறந்திருந்தாலோ, சாக்கில் கிழிசல் இருந்தாலோ அந்தத் தீவனத்தை மாட்டுக்குப் போடக் கூடாது. தவிட்டுக்குள் கிடக்கும் கண்ணாடித் துகள் கண்ணுக்குத் தெரியாது, சலித்தாலும் முழுசாகப் போகாது. மாடு தீவனத்தைப் பொறுக்கித் தின்னும் பிராணி அல்ல. ஒரு மூட்டைத் தீவனத்தின் விலைக்காக ஒரு கறவை மாட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. கண்ணாடி உதிர்ந்த இடம் மாடு மேயும் இடமாக இருந்தால் அங்கேயும் துகள்களைக் கூட்டி அள்ள வேண்டும்.

45 நாளை எப்படிக் கடத்துவது?

முடிந்தவரை காரை நிறுத்திவைப்பதுதான் முதல் வழி. மழை, அணில், எலி உள்ளே போகாமல் தடிமனான பாலித்தீன் ஷீட்டை வெளிப்புறமாக ஒட்டிவைக்கலாம். பசுமைக்குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் ஷீட் மீதம் இருந்தால் அது போதும், வெயிலையும் தாங்கும். பெயின்ட் மீது நேரடியாகப் பேக்கிங் டேப்பை ஒட்டினால், வெயிலில் பசை இளகிப் பெயின்ட்டோடு பிடித்துக்கொள்ளும். முதலில் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் மற்ற டேப்பை ஒட்ட வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது போல, ஓட்டியே ஆக வேண்டிய நேரத்தில் ஓட்டுநர் மட்டும் போக வேண்டும். முன் ஜன்னல்களைத் திறந்துவைத்து, பிளோயரை வெளிக்காற்று வரும் நிலையில் அதிக வேகத்தில் ஓட விட வேண்டும். முன்னாலிருந்து காற்று உள்ளே வந்து பின்னால் வெளியேறினால் புகை உள்ளே வருவது குறையும். ஜன்னலை எல்லாம் ஏற்றிவிட்டு ஏ.சி-யை உள்காற்றுச் சுழற்சியில் வைப்பதுதான் மிகவும் தவறு. இருட்டிலும் மழையிலும் எடுக்கக் கூடாது. பாலித்தீன் வழியாகப் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் மட்டும் கலங்கலாகத் தெரியும், வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தெரியாது.

பாலித்தீனுக்குப் பதில் அக்ரிலிக் ஷீட்டை வளைத்து ஒட்டித் தருவதாகச் சில கடைகளில் சொல்வார்கள். சீக்கிரம் கீறல் விழுந்து மங்கிப்போகும், உடைந்தால் கூர்மையான துண்டுகளாகும். வண்டிக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாகவோ, அங்கீகரிக்கப்பட்ட 'சேஃப்டி கிளேஸிங்' ஆகவோ இருக்க வேண்டும், முன், பின் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 70 சதவிகித வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி எண் 100. அக்ரிலிக் ஷீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேமித்து, நல்ல கண்ணாடியாகவே போடுவதுதான் சிக்கனம்.

இன்ஷூரன்ஸ் கேட்பது லாபமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கண்ணாடிக்குப் பணம் கிடைக்காது. 'ஓன் டேமேஜ்' சேர்ந்த பாலிசி என்றால் கேட்கலாம். தேங்காய் விழுந்து உடைந்ததும் விபத்துதான். வண்டி பழசாக இருந்தாலும் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்பது பலருக்கும் தெரியாத நல்ல விஷயம். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பருக்கு மட்டும் 50 சதவிகிதம் கழிப்பார்கள். 1,500 சி.சி வரையிலான கார் என்றால் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 2,000 ரூபாய். இது ஒவ்வொரு கிளைமுக்கும் உரிமையாளர் கையிலிருந்து போகும்.

பெரிய இழப்பு 'நோ கிளைம் போனஸ்' பறிபோவதில்தான் இருக்கிறது. கிளைம் கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் இந்தச் சலுகை 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று ஏறும். ஒரு கிளைம் கேட்டால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதைப் பாதுகாக்கத் தனிச் சேர்ப்பு வாங்கியிருந்தால் கவலை இல்லை. பாலிசித் தாளில் அது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சேர்ப்பு இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. சலுகைக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவிகிதச் சலுகையில் இருப்பவர் இந்த ஆண்டு கிளைம் கேட்டால், அடுத்த 5 புதுப்பிப்புகளில் இழக்கும் சலுகை முறையே 50, 30, 25, 15, 5 சதவிகிதம். மொத்தம் 125 சதவிகிதம், அதாவது 5,000 ரூபாய். கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாயையும் சேர்த்தால் 6,000 ரூபாய். கண்ணாடி, ரப்பர், கூலி எல்லாம் சேர்ந்த பில் 6,000 ரூபாய்க்குள் இருந்தால், கைக்காசில் போடுவதே லாபம். அதைத் தாண்டினால் கிளைம் கேட்கலாம்.

புது கார் வாங்கிய முதல் ஆண்டிலேயே உடைந்தால் கணக்கு மாறும். அப்போது 5 புதுப்பிப்புகளில் இழப்பது 20, 5, 10, 10, 5 என மொத்தம் 50 சதவிகிதம்தான். அதே பிரீமியத்துக்கு 2,000 ரூபாய், பிடித்தத்தோடு சேர்த்து 3,000 ரூபாய். வண்டி பழசாக ஆக பிரீமியமும் குறையும் என்பதால், உண்மையான இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அவரவர் பாலிசித் தாளில் உள்ள தொகையைப் போட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கிளைம் கேட்பதாக முடிவு செய்தால், கண்ணாடியை மாற்றுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்றிவிட்டுப் பில்லை நீட்டினால் பணம் கிடைப்பது சிரமம். ஏற்கெனவே 4 நாள் ஆகிவிட்டதால் இன்றே தகவல் கொடுத்துவிடுவது நல்லது. கல்லெறிந்து உடைத்தது போன்ற சம்பவமாக இருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீதும் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

புதுக் கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ முத்திரை, ஐ.எஸ் 2553 என்ற தர எண், தயாரிப்பாளர் பெயர் அழியாத அச்சில் இருக்க வேண்டும். கார் நிறுவனத்தின் பெயரோடு வரும் கண்ணாடி, கண்ணாடித் தயாரிப்பு நிறுவனமே வெளிச்சந்தையில் விற்கும் கண்ணாடி இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடலாம். பழைய வண்டி உடைக்கும் இடங்களில் அதே மாடலின் கண்ணாடி கிடைத்தாலும் போடலாம். ஆனால், ஓரங்களில் சிறு சில்லுகூடப் பெயர்ந்திருக்கக் கூடாது. டஃபன்டு கண்ணாடிக்கு ஓரம்தான் பலவீனமான இடம்.

ரப்பர் பீடிங் வைத்துப் பொருத்தும் கண்ணாடி என்றால் உடனே ஓட்டலாம். பசை வைத்து ஒட்டும் கண்ணாடி என்றால், ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் நேரம் வரை வண்டியை நகர்த்தக் கூடாது. ஓரிரு நாள்களுக்குக் கதவை அறைந்து சாத்தக் கூடாது, பிரஷர் பம்ப்பில் கழுவக் கூடாது. உள்ளே அடைபடும் காற்று, காயாத பசையைத் தள்ளிவிடும். கறுப்பு ஃபிலிமுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-ம் ஆண்டே உத்தரவு போட்டிருக்கிறது. புதுக் கண்ணாடியில் மறுபடியும் அடர் நிறத்தில் ஒட்டி, அபராதம் கட்ட வேண்டாம்.

கேள்வி: ''காய்கறி ஏற்றும் பிக்கப் வேனில், தக்காளிப் பந்தலுக்கு ஏற்றிய மூங்கில் கழி குத்தி, கேபின் பின் கண்ணாடி உடைந்துவிட்டது. லோடு ஏற்றினால் அது வழியாக ஒன்றும் தெரியப்போவதில்லை. தட்டையான கண்ணாடிதானே... கண்ணாடிக் கடையில் ஜன்னல் கண்ணாடியை அளவுக்கு வெட்டிப் போட்டுவிடலாமா?''

– காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம் பகுதி

பதில்: போடக் கூடாது. டஃபன்டு கண்ணாடியைத் தயாரித்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. வெட்டினால் நொறுங்கிவிடும். எனவே, அளவு எடுத்து, கண்ணெதிரே வெட்டித் தரும் கண்ணாடி எதுவாக இருந்தாலும் அது டஃபன்டு கண்ணாடி அல்ல. அது உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகளாக விழும். விழும் இடம் ஓட்டுநரின் பிடரி.

லோடு வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். திடீரென்று பிரேக் அடித்தால், பின்னால் இருக்கும் பெட்டிகளும் கழிகளும் முன்னோக்கித்தான் வரும். எந்தக் கண்ணாடியும் லோடைத் தாங்காது. எனவே கண்ணாடி மாற்றுவதோடு, தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவே இரும்புக் கம்பித் தடுப்பு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் வைக்க வேண்டும். நீளமான கழி, பைப், ஏணி போன்றவற்றின் முனை கண்ணாடியைத் தொடாதபடி சாக்கைச் சுற்றிக் கட்ட வேண்டும். அந்த மாடலுக்கான டஃபன்டு கண்ணாடி கிடைக்கும் வரை, வெட்டிய கண்ணாடியைப் போடாமல் அந்த இடத்தைப் பலகையால் இறுக்கமாக அடைத்து, பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டையும் சரிசெய்துகொண்டு, காலி வண்டியாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். லோடு ஏற்றக் கூடாது.

கேள்வி: ''பிரஷ் கட்டரில் களை வெட்டும்போது தெறித்த கல், காரின் பின் கண்ணாடியில் பட்டு மிளகு அளவு பள்ளம் விழுந்திருக்கிறது. உடையவில்லை. முன் கண்ணாடிக்குச் செய்வது போல் பசை வைத்து அடைக்க முடியுமா? அதே கண்ணாடியில் பனி நீக்கும் கம்பிக் கோடுகள் இரண்டு வேலை செய்யவில்லை. கண்ணாடியையே மாற்ற வேண்டுமா?''

– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி பகுதி

பதில்: பசை வைத்து அடைப்பது முன் கண்ணாடிக்கான வைத்தியம். டஃபன்டு கண்ணாடிக்கு அது பயன்படாது. மேலோட்டமான பள்ளம் என்றால் அப்படியே பல ஆண்டுகள் ஓடலாம். ஆழமாக இருந்தால், ஒருநாள் கடும் வெயிலிலோ, டிக்கி கதவை அறைந்து சாத்தும்போதோ மொத்தமாகக் கொட்டிவிடலாம். எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் காத்திருக்கலாம். நகம் மாட்டி நின்றாலோ, பள்ளம் கண்ணாடியின் ஓரத்தை ஒட்டி இருந்தாலோ, நாளை நாமே குறித்துக்கொண்டு மாற்றிவிடுவது நல்லது. மலைப்பாதையில், மழையில், குடும்பத்தோடு போகும்போது கண்ணாடி கொட்டுவதைவிட அது மேல். அதுவரை வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. டிக்கியைக் கையால் பிடித்து மெதுவாகச் சாத்த வேண்டும்.

பனி நீக்கும் கோடுகளுக்காகக் கண்ணாடியை மாற்ற வேண்டியதில்லை. எல்லாக் கோடுகளும் வேலை செய்யாவிட்டால் முதலில் ஃபியூஸ், பக்கவாட்டு வயர் இணைப்பு இரண்டையும் பார்க்க வேண்டும். ஓரிரண்டு மட்டும் என்றால், அந்தக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். அறுந்த இடத்தில் மின்சாரம் கடத்தும் வெள்ளி பெயின்ட்டைத் தடவிச் சரிசெய்யலாம். சமவெளியில் இதைத் தள்ளிப்போடலாம். மூடுபனி இறங்கும் ஊரில் அடுத்த பனிக்காலத்துக்குள் செய்துவிட வேண்டும். உள்பக்கம் துடைக்கும்போது கோட்டின் திசையிலேயே, மென்மையான துணியால் துடைத்தால் மற்ற கோடுகள் தப்பிக்கும்.

எதற்கு எத்தனை நாள்?

நொறுங்கிய கண்ணாடி, காணாமல்போன கண்ணாடி, வெட்டிப் போட்ட சாதாரணக் கண்ணாடி ஆகிய மூன்றுக்கும் அவகாசம் கிடையாது. மாற்றும் வரை அந்த வண்டியில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. ஆழமான பள்ளம், ஓரத்தில் சில்லு, ரப்பர் பீடிங் விலகிக் கண்ணாடி ஆடுவது ஆகியவற்றை ஒரு வாரத்துக்குள், நீண்ட பயணம் போவதற்கு முன்பு பார்த்துவிட வேண்டும். வைப்பர் போட்ட மெல்லிய கீறல், பனி நீக்கும் கோடு, மங்கிய ஃபிலிம் ஆகியவை அறுவடை வரை காத்திருக்கும்.

கண்ணாடி உடையாமல் காப்பாற்ற அதிகச் செலவு இல்லை. காய் பறிக்கும் நாளில் வண்டியைத் தோப்புக்கு வெளியே நிறுத்த வேண்டும். பிரஷ் கட்டர் ஓடும் இடத்திலிருந்து ஆள்கள் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அந்தக் கருவிக்கான பாதுகாப்பு விதி. வண்டியையும் அதைவிடத் தள்ளியே நிறுத்தலாம். மண்வெட்டி, கடப்பாரை, பைப் துண்டு எதையும் முனை கண்ணாடியைப் பார்த்தபடி டிக்கியில் போடக் கூடாது. பறித்த காயை வண்டிக்குத் தூக்கிவரும் கூலி மட்டும்தான் கூடுதல். ஒரு கண்ணாடியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு அல்ல.